கொக்கின் மூன்றாவது பறப்பு

பென்சில் சீவும்போது சுருள் அறுபடாமல் முழுசாக வந்துவிட்டால் அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிற ஆள் நான். சிரிக்காதீர்கள் சார், உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். யாரும் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விபத்து அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

என் தொழில் படம் வரைவது. தண்ணீர் பம்பு, தையல் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் எது வாங்கினாலும் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதில் உதிரிபாகங்களைப் பிரித்துப் பரப்பி எண் போட்டுக் காட்டியிருப்பார்களே, அதெல்லாம் என் கைவேலை. இருபத்தாறு வருடமாக அதுதான் பிழைப்பு. பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுகிற புத்தகத்துக்கு இவ்வளவு மெனக்கெடலா என்று என் தங்கை கேட்பாள். அந்த வயிற்றெரிச்சல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லாத விமானங்களை வரைய ஆரம்பித்தேன்.

இல்லாத விமானம் என்றால் மனம்போன போக்கில் கிறுக்குவது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் நடக்காத ஒரு சரித்திரத்தை யோசிக்க வேண்டும். அதில் மனிதர்கள் எதற்கு ஆசைப்பட்டிருப்பார்கள், எதைக் கண்டு பயந்திருப்பார்கள் என்று பார்க்க வேண்டும். விமானம் தானாக வந்து நிற்கும். என் சரித்திரம் ரொம்ப எளிமையானது. விமானங்கள் வந்த புதிதில் 'கொக்கு' என்று ஒன்று. நீளமான கழுத்து, விமானியின் முதுகுக்குப் பின்னால் இன்ஜின். இரண்டு தடவை ஜோராகப் பறக்கிறது. மூன்றாவது தடவை, ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, விழுகிறது. விமானி இறந்துபோகிறார். விமானமே வேண்டாம் சாமி என்று ஜனங்கள் பலூனுக்கு மாறிவிடுகிறார்கள். பலூனில் ஆஸ்பத்திரி, பலூனில் பள்ளிக்கூடம். அப்புறம் பலூனின் முதுகிலிருந்து கிளம்புகிற ராக்கெட். கடைசியில் சந்திரனில் போய் விரிந்து இறங்குகிற 'குடை'. அதற்குள் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட ஒரு மேஜை உண்டு. மொத்தம் நாற்பத்திரண்டு கலங்கள், ஒவ்வொன்றும் திருகாணிவரை வரைந்தது. புத்தகமாக வந்து மூன்று பதிப்பு போயிற்று.

நாற்பத்திரண்டில் மாப்பிள்ளைக்குப் பிடித்தது கொக்கு மட்டும்தான். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். சின்ன விமானங்கள் இறங்குகிற திடலில் மெக்கானிக், விமானம் ஓட்டவும் லைசென்ஸ் வைத்திருந்தார். தங்கமான மனுஷன். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்க்க மாட்டார், என்னைக் கிண்டல் செய்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"மச்சான், உங்க கொக்கு விழாது. நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன். பாவம், நல்ல வண்டியை அநியாயமா கொன்னுட்டீங்க."

"அது விழுந்தாதான் மாப்ளே பலூன் வரும்."

"பலூன் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நான் கட்டிப் பறக்க விடறேன், பாருங்க."

சொன்னபடியே கட்டினார். திடலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, வேலை முடிந்த சாயங்காலங்கள், இரண்டு வருடம். வரைபடம் எல்லாம் நான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. தாளில் இருந்த கழுத்தைக் கையால் தடவிப் பார்ப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும். இறக்கைத் துணியைத் தைத்தது தங்கை. "வீட்டு ஜன்னலுக்கு ஒரு திரை தைக்க எனக்கு நேரமில்ல, உங்க ரெண்டு பேர் கிறுக்குக்கு நாப்பது மீட்டர் தைக்கிறேன்" என்று திட்டிக்கொண்டே தைத்தாள்.

கொட்டகையில் மாப்பிள்ளை ஒரு சட்டம் வைத்திருந்தார். நட்டை முடுக்கியவனே பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது. இன்னொருவர் விரலால் தொட்டு, வாய்விட்டு "இருக்கு" என்று சொல்ல வேண்டும். பறப்பதற்கு முன்னால் இப்படி அறுபத்தோரு இடம். அவர் பட்டியலைப் படிப்பார், நான் தொடுவேன். நாற்பத்தேழாவது இடம் வாலில் இருந்தது. விமானத்தை ஏற்றி இறக்குகிற கம்பியை அங்கே ஒரு நட்டு பிடித்திருக்கும். அதிர்வில் நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு சின்ன ஊசி செருகியிருக்கும். புத்தகத்தில் கொக்கு விழுவதற்குக் காரணமே அந்த ஊசி இல்லாமல் போனதுதான். அதனால் அந்த இடம் வந்ததும் மாப்பிள்ளை குரலைக் கனமாக்கிக்கொண்டு, "வரலாற்றுச் சிறப்புமிக்க ஊசி?" என்று கேட்பார். நான் தொட்டுப் பார்த்து "இருக்கு" என்பேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

முதல் தடவை நாலு நிமிடம் பறந்தார். இரண்டாவது தடவை பதினொரு நிமிடம். நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன் சார். யாரோ படம் பிடித்துப் போட, பார்க்காத ஆளில்லை. அதற்குப் பிறகுதான் வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்தன. கொக்கு இவ்வளவு அழகாகப் பறக்கிறதே, பிறகு ஜனங்கள் ஏன் விமானத்தைக் கைவிட்டார்கள் என்று எல்லோரும் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். பதிப்பாளரும் போன் செய்தார். "மூணாவது தடவையும் பறந்துடுச்சுன்னா அந்த விபத்தைத் தூக்கிடலாம் சார். அட்டையில உங்க மாப்பிள்ளை போட்டோ போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்."

நான் பிடிவாதக்காரன் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, விபத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். விபத்து இல்லையென்றால் பலூன் ஆஸ்பத்திரி இல்லை. அங்கே பிறந்த குழந்தைகள் இல்லை. குடைக்குள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்த பதினோரு பேரும் இல்லை. ஒவ்வொரு தாளாக எடுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மேஜைமேல் கொக்கு மட்டும் தனியாக நின்றது. ஒரு பக்கம் ஒரே ஒரு ஆள், மறுபக்கம் இத்தனை பேர். என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளையிடம் நியாயமாகக் கேட்டும் பார்த்தேன்.

"ரெண்டு தடவையோட நிறுத்திக்கலாமே மாப்ளே."

"ஏன் மச்சான், பயமா?"

"பயமெல்லாம் இல்ல. கதை கெட்டுப்போயிடும்."

அவர் சிரித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "கதைதானே மச்சான். மாத்தி எழுதிக்கலாம்."

என்னிடம் போய் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்காக, கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குச் சட்டென்று கோபம் வராது, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது தடவை காலை நேரம். நல்ல வெயில், ஒரு இலைகூட அசையவில்லை. அவர் எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் வால் பக்கம் போய், குறடால் ஊசியை உருவி, நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவைத்தேன். அரை நிமிட வேலை. அப்புறம் அவர் பட்டியலைப் படித்தார். நாற்பத்தேழு வந்தது. வழக்கம்போலக் குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டார். நான் தொட்டேன். விரலில் வெறும் ஓட்டைதான் தட்டுப்பட்டது. "இருக்கு" என்றேன். சிரித்தோம். நான் சிரித்தது நடிப்பு இல்லை, அவர் கேட்ட தோரணை அப்படி.

புத்தகத்தில் ஒன்பதாவது நிமிடம் என்று போட்டிருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பத்து நிமிடம் ஆவதற்குச் சில நொடிகள் இருந்தன. கொக்கு மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியபோது தங்கை என் கையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள். அன்றைக்கு நான் அழுதது நிஜமான அழுகை. அப்படி ஒரு மாப்பிள்ளை எந்த வீட்டுக்கும் கிடைக்க மாட்டார்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நேற்று வந்த உங்கள் அறிக்கையில், காரணம் திடீர்க் காற்று என்று போட்டிருக்கிறீர்கள். காற்று இல்லை சார். வால் முழுக்க எரிந்துபோனதால் உங்கள் ஆட்களுக்குப் பிடிபடவில்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இதோ ஊசி. சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். எடுத்தது நான்தான், இருக்கு என்று சொன்னதும் நான்தான். காற்று என்று ஒரு தடவை அச்சாகிவிட்டால் அப்புறம் எல்லோரும் காற்று என்றே எழுதுவார்கள். நான்காம் பதிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் திருத்திவிட்டால் நல்லது.

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு துணைக்கு இருக்கட்டும் என்று கூட்டிவந்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. வரும் வழியில், "அவரு கடைசியா உன்கிட்ட என்ன அண்ணா பேசினாரு?" என்று கேட்டாள். "சிரிச்சாரும்மா" என்றேன். அது உண்மைதானே. என் பக்கம் தப்பே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை, ஒன்று இருக்கிறது. அந்த விமானிக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று மூன்று பதிப்பிலும் எழுதிவிட்டேன். நான்காம் பதிப்பில் அவருக்கு ஒரு மனைவியைச் சேர்த்து, இறக்கைத் துணியைத் தைத்தது அவள்தான் என்றும் ஒரு வரி போட்டிருக்கிறேன், தங்கை பார்த்தால் சந்தோஷப்படுவாள்.