வண்டி வீட்டின் கூரை மூடி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வீட்டுக்கும் சக்கரம் வேண்டியிருக்கிறது. கட்டிய வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வைத்த வண்டியைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், காட்டில் கல் கூட்டிச் சோறு பொங்குகிறார்களாம். எங்கள் பாட்டன் பூட்டன் வழியில்லாமல் செய்ததை இவர்கள் லீவு போட்டுச் செய்கிறார்கள்.

அப்படி ஒருவன் ஆசையாக வாங்கி, இரண்டு பயணத்தில் அலுத்துப்போய் விற்ற வண்டியைத்தான் எங்கள் முதலாளி நரசிம்மன் மண்ணூர் காலி மனையில் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து வாடகைக்கு விட்டார். அந்த மனைக்கு நான் காவல். மூலையில் தகரக் கொட்டகை எனக்கு. பேர் சின்னப்பையன், வயது எழுபத்திரண்டு.

குடிவந்தவர்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி. வேல்ராஜுக்கு இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில் தூங்க வேண்டுமே, சன்னல் எல்லாவற்றையும் அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்துவிட்டான். இந்தப் பக்கம் நைட் ஷிப்ட் பையன்கள் எல்லா ரூமிலும் செய்கிற வேலைதான் அது. கூரையில் ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு, அதற்கு ஒரு மூடி. காற்றுக்கு அது ஒன்றுதான் வழி.

உள்ளே கேஸ் கூடாது என்று முதலாளி உத்தரவு. சமையல் வெளியேதான். கம்பெனிக்காரர்கள் தூக்கிப்போடும், சரக்கு அடுக்குகிற உடைந்த பேலட் கட்டைகளை நான் பொறுக்கிவந்து கொடுப்பேன். அவன் பெண்டாட்டி முத்துச்செல்வி அரை டிரம்மில் நெருப்பு மூட்டுவாள்.

“தாத்தா, உங்க பேரு சின்னப்பையன். எங்க லைன்ல ஒரு ட்ரெய்னி, பத்தொம்பது வயசு, அவன் பேரு பெரியசாமி. ரெண்டு பேரும் பேரை மாத்திக்கிடுங்களேன்” என்று சிரிப்பான் வேல்ராஜ்.

“நீங்க சும்மா கெடங்க. தாத்தா, கருவாடு சுட்டுருக்கேன், ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க” என்பாள் அவள்.

சாப்பிட்டேன். ஆனால் நம்பவில்லை. சும்மா சோறு போடுகிறவன் எதற்கோ இடம் பிடிக்கிறான் என்பது என் எண்ணம். கார்த்திகையில் அது சரியாய்ப் போயிற்று. முதலாளி வந்து சொன்னார்:

“புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இங்கியே கீறாங்க. காவலுக்குத் தனியா ஆளு இன்னாத்துக்கு? தை பொறந்ததும் உன் பொண்ணு வூட்டுக்குப் போயிடு பெருசு.”

மகள் மறைமலை நகரில் இருக்கிறாள். ஒரே அறை. போன தடவை போனபோது, நான் உள்ளே உட்காருவதற்குள் மருமகன் என் பையைத் தூக்கி வாசலில் வைத்தான். எனக்கு அந்தக் கொட்டகையை விட்டால் வேறு இடம் இல்லை.

பிறகு மூன்று நாள் மழை. நாலாம் நாள் காலை வேல்ராஜ் நனைந்துபோய் வந்தான். சாயங்காலம் அதே யூனிபாரம்தான் போட வேண்டும். அவள் தார்ப்பாய்க்குக் கீழே உலை இறக்கிவிட்டு, மிச்சமிருந்த கங்குகளை இரும்புச் சட்டியில் அள்ளினாள்.

“தாத்தா, துணி காயணும். இதை உள்ள வச்சுக்கிட்டா ஒண்ணும் செய்யாதுல்லா?”

“பொகையே இல்லியேம்மா. ஒண்ணும் ஆவாது.”

சீக்கிரம் அவிந்துவிடப் போகிறதே என்று, என்னிடம் கிடந்த கரியில் நாலு கை அள்ளி அந்தச் சட்டியில் நானே போட்டேன். சட்டியை உள்ளே வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் படுத்தார்கள்.

வாலிபத்தில் பன்னிரண்டு வருஷம் கரிமூட்டம் போட்டவன் நான். புகை நல்லது. கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும், எழுப்பிவிடும். புகையில்லாத கங்கு எழுப்பாது. மூடிய குடிசையில் கங்கு வைத்துப் படுத்த இரண்டு பேரை நானே வெளியே தூக்கிப் போட்டிருக்கிறேன். ஒருவர்கூட முகம் சுளித்திருக்கவில்லை.

தலைவலி வரும், இந்த வண்டியே வேண்டாம் என்று போய்விடுவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான். கூரை மூடி திறந்திருந்தது. மழை உள்ளே இறங்குமே என்று ஏணி வைத்து ஏறி மூடினேன். காற்றுக்குத் தூக்கக் கூடாதென்று ஒரு செங்கல்லும் மேலே வைத்தேன்.

கொட்டகையில் வந்து உட்கார்ந்தேன். பதினொரு மணி இருக்கும். வண்டிக் கதவு உள்ளிருந்து ஒருதரம் சத்தம் கொடுத்தது. கை தட்டியது போல இல்லை, யாரோ சாய்ந்தது போல. கையில் பீடி பாதி இருந்தது. முடித்தேன். இன்னொன்றும் பற்றவைத்தேன். அதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கதவைத் திறந்ததும் அவள் என் கால்மேல் சரிந்தாள். மூச்சு இருந்தது. அவன் கன்னத்துக்குக் கை கொடுத்துப் படுத்திருந்தான். தலைக்கு மேலே யூனிபாரம் நன்றாகக் காய்ந்து தொங்கியது.

ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார், மேல் மூடி ஏன் மூடியிருந்தது என்று. மழைக்கு மூடினேன் என்றேன்.

“நல்லதுக்குத்தானே பண்ணிக்கீற பெருசு. உனுக்கு இன்னா தெரியும்?” என்று சொல்லி, விபத்து என்று எழுதிக்கொண்டார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் முத்துச்செல்வி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க வந்து கதவத் தொறக்கலன்னா நானும் அவுக கூடயே போயிருப்பேன் தாத்தா” என்றாள். பிடித்த கையை விடவே இல்லை. அவள் சுட்டுக் கொடுத்த கருவாட்டைத் தின்ற கை அது. வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு, எனக்கே ஆறுதல் சொன்னாள்.

பிணத்தோடு அவள் ஊருக்குப் போன மறுநாள், முதலாளி வண்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். “நீ இருந்ததால ஒரு உசுராவது பொழச்சுது. நீ எங்கியும் போவாதே, இங்கியே இரு” என்றார்.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. சாவியைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தேன். உன் மேல் தப்பில்லை என்று ஏட்டு சொல்லிவிட்டார், முதலாளி சொல்லிவிட்டார், தாலி அறுத்தவளே சொல்லிவிட்டாள். மழைக்குத்தான் மூடினேன் என்று நானும் எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மனசு ஒப்பவில்லை.

அன்றைக்கு நான் ஏணியை எடுத்தபோது மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஏறும்போது முதுகில் வெயில் சுட்டது.