பதிமூணு பல்லு

இல்ல வெங்கடேஷ், பைக்கு டேங்க் நசுங்குனதை அப்புறம் பாத்துக்கலாம்லா. முதல்ல முன்னாடி செயின் பல்சக்கரம், அந்த ஸ்ப்ராக்கெட்டைக் கழட்டு. பதிமூணு பல்லை எடுத்துட்டுப் பழைய பதினஞ்சைப் போடு. உள்ளதான் வச்சிருப்பே. இந்த ஜாலான் புசார்ல பழைய இரும்பைத் தூக்கிப் போடுற கடை எது?

கோவிந்தராசா? இன்னும் ஐசியூலதான். ஏழு நாளாச்சு, கண்ணு தொறக்கல.

அவசரம் இருக்குப்பா. கழட்டிக்கிட்டே கேளு.

அன்னிக்கு நீ பதினாலு போதும்னே. நான்தான் பதிமூணுன்னு நின்னேன். காரணம் இருந்துச்சு. கிராஞ்சியில அந்தச் செடி நர்சரிக்குப் பின்னாடி மண்பாதை, மழை பேஞ்சா முழங்கால் சேறு. அங்க தங்கியிருக்குற, வேலையில அடிபட்ட பசங்களுக்கு மனு எழுதிக் கொடுக்க மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை நானும் அவனும் அவன் வண்டியிலதான் போறோம். ரெண்டு ஆளோட வண்டி முக்கும். எழுபத்தொரு வயசுல நான் எறங்கித் தள்ளணும். முன்னாடி பல்லு குறைஞ்சா இழுவை கூடும், சேத்துல ஏறும். ரோட்டுல ஓட்டம் குறையும், குறையட்டுமே. சின்னப் புத்தகம் ஒண்ணு வாங்கி, கோடு போட்டுப் படிச்சுட்டுத்தான் பேசினேன். படிக்காம பேசுற ஆளில்ல நான்.

லைசென்ஸா? எனக்கு ஏது? பின்னாடி ஒக்காந்து வர்றவன். அதுக்கென்ன, வெல்டிங் கம்பியைத் தொடாமலே சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை வெல்டருங்களுக்காகச் சங்கத்துல நாப்பது வருஷம் பேசலியா? பேசி நாலு பேரு நன்றி சொன்னானா, அது வேற கதை.

சந்திரமதி ஒண்ணுதான் எதுத்துச்சு. அவன் சம்சாரம். குவீன்ஸ்டவுன் வீட்டுல சாப்பாடு போட்டுக்கிட்டே கேட்டுச்சு. அண்ணே, சேத்துல மாசத்துக்கு ரெண்டு நாளு, மத்த நாளெல்லாம் இவர் எக்ஸ்பிரஸ்வேல வேலைக்குப் போறாரு, லாரிங்களுக்கு நடுவுல வண்டிக்கு ஓட்டம் வேணாமான்னு. சரியான கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேகம் முதலாளிக்கு, இழுவை தொழிலாளிக்குன்னேன். அவன் தொடையைத் தட்டிச் சிரிச்சான், அதான் தோழர்னான். அது ரசம் எடுக்க உள்ள போயிருச்சு. மறுநாளே இங்க வந்து மாத்துனோம், அதுகிட்ட சொல்லாம.

செவ்வாக்கிழமை காலைல எக்ஸ்பிரஸ்வேல ஒரு லாரியைத் தாண்டப் போயிருக்கான். பின்னாடி கார்ல வந்தவரு சொன்னாரு, எஞ்சின் கத்துது, வண்டி முன்னேற மாட்டேங்குது, லாரிக்குப் பக்கத்துலயே ஓடுதுன்னு. அதுக்குள்ள லாரி லேன் மாறிருச்சு. லாரிக்காரன் தப்புன்னுதான் போலீஸ் சொல்லுது. லாரிக்காரன் தப்பும் இருக்கு.

செயின் பத்தலையா? பின்சக்கரத்தை முன்னாடி தள்ளிக் கட்டு.

இப்ப மாத்துனா அவன் எழுந்து வந்துருவானான்னு கேக்குறே. நீயும் கேளு. அவனுக்காக இல்லப்பா.

நேத்து ஆஸ்பத்திரி வராந்தாவுல சந்திரமதி கேட்டுச்சு. அண்ணே, வண்டியில கடைசியா எதைத்தான் போட்டீங்கன்னு. ஆயிரம் பேருக்கு முன்னாடி பேசுன வாயி... இல்லம்மா, நீ சொன்னப்புறம் மாத்தவே இல்லைன்னுட்டேன். என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, உங்களைத் தப்பா நெனச்சுட்டேண்ணே, மன்னிச்சுக்குங்கன்னு அழுதுச்சு.

மூணு மணிக்கு அது இங்க வருது, வண்டியைப் பாக்க. இந்தா ஸ்பேனர்.