பம்மிப் பம்மி

— தள்ளாடிக்கிட்டே வந்தான்னு நீங்க சாட்சி சொன்னா, தமிழ் தெரியாத ஜட்ஜுக்கு நான் இங்கிலீஷ்ல ‘ஸ்டேகர்’னு மொழிபெயர்த்துச் சொல்வேன்மா. சூப்பர்வைசர் போதையில இருந்தார்னு ஆயிடும்.

— போதைன்னா தண்டனை குறையுமா கண்ணு?

— குறையலாம். தெரியாம குடோனுக்கு நெருப்பு வெச்சுட்டார்னு அவங்க வக்கீல் சொல்வார்.

— ஐயையோ, அப்ப வேணாம். நொண்டிக்கிட்டு வந்தான்னா?

— ‘லிம்ப்’. பாவம், தீயில அவருக்கும் அடிபட்டிருக்குன்னு நினைப்பாங்க.

— பாவமா? அவனா? மெஷின் மேல இருந்த மூடியைக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னதே அவன்தான். என் பையனுக்கு வலது கை போச்சு. விசாரணையில கேட்டா, ஞாபகம் இல்லைங்குறான், பார்த்துச் சொல்றேங்குறான். வழவழா கொழகொழான்னு மழுப்பியே தப்பிச்சுட்டான்.

— அதை ‘டாட்ஜ்’னு சொல்வாங்க. ஆனா இன்னிக்கு அதை யாரும் கேக்க மாட்டாங்கம்மா. இது தீ வெச்ச கேஸ்.

— அந்த விசாரணையிலயும்தான் யாரும் அழுத்திக் கேக்கல. இன்னும் அதே ஃபேக்டரியிலதான் பெருக்குறேன். நான் பெருக்கின இடத்துலயே ஷூவோட நின்னு, ‘என்னம்மா, பையன் சௌக்கியமா?’ன்னு கேப்பான். எனக்குப் பத்திக்கிட்டு எரியும்.

— மெதுவாப் பேசுங்க. உள்ள கோர்ட் நடக்குது.

— சரி, இதைக் கேளு. நண்டாட்டம் பக்கவாட்டுல நகர்ந்தான்னா?

— அதுக்கு இங்கிலீஷ்ல ‘சைடில்’னு ஒரு வார்த்தை இருக்கு.

— அதுக்குக்கூட ஒரு வார்த்தையா! இந்த இங்கிலீஷ்காரங்க நடக்கவே மாட்டாங்களா, பேர் வெச்சுக்கிட்டேதான் இருப்பாங்களா? இரு, இரு. குனிஞ்சு, சுவரோட சுவரா ஒட்டி, பம்மிப் பம்மிப் போனான். இதுக்கு?

— ‘ஸ்லிங்க்’.

— கேட்டா ஜட்ஜ் என்ன நினைப்பார்?

— தப்பு பண்ணிட்டு நழுவுறார்னு நினைப்பார்.

— ஸ்லிங்க்கு. வாய்க்கு நல்லாத்தான் இருக்கு. அதையே போட்டுடு கண்ணு.

— நான் எதையும் போட முடியாதும்மா. நீங்க தமிழ்ல சொல்றதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்றது மட்டும்தான் என் வேலை. அவங்க வக்கீல் வேற உங்களைக் குடைஞ்சு எடுப்பார். பம்மிப் பம்மி எந்தப் பக்கம் போனார்? கேட் பக்கமா, குடோனுக்குப் பின்னாடியா?

— எது சொன்னா நல்லா இருக்கும்னு நீயே சொல்லேன் கண்ணு. தீப்பிடிச்ச அன்னிக்கு அவன் வேலைக்கே வரலையே!