கள்ளிப்பூச்சி வளர்த்த விதம்

இன்ஸ்பெக்டர் ஐயா, கள்ளிப்பூச்சிக்குப் பெருமழைதான் ஆகாது. மற்றபடி அதை வளர்ப்பது எளிது. சப்பாத்திக்கள்ளி மட்டையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் உட்கார்ந்திருக்கும். நசுக்கினால் விரல் ரத்தமாகச் சிவக்கும். ஒருமுறை வாயை ஊன்றிவிட்ட பெண்பூச்சி சாகும்வரை இடம் மாறாது. அங்கேயே சாறு குடித்து அங்கேயே குஞ்சு பொரிக்கும். கள்ளியைத் தவிர வேறெந்தச் செடியையும் தொடாது. அவ்வளவு ஒழுக்கம்.

சங்ககிரிப் பக்கம் காடெல்லாம் கள்ளி மண்டிக் கிடந்ததால், அதை அழிக்கப் போன ஆடியில் விவசாய இலாகாக்காரர்கள் பூச்சி பிடித்த மட்டைகளைக் கூடையில் வைத்து ஊருக்கு ஊர் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் நான் வாங்கிக்கொண்டேன். எங்கே வைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் கிணற்றைச் சுற்றியிருந்த கள்ளிவேலியில் வைத்தேன்.

அந்த வேலியை நம்பித்தான் என் அண்ணன் நாச்சிமுத்து நடப்பார். சிறுவயதில் அம்மை வார்த்துக் கண் போனவர். காலையில் மாட்டுக் கட்டுத்தறிக்குப் போகும்போது கைத்தடி கள்ளியில் பட்டதும் வலப்பக்கம் திரும்புவார். கண்தான் இல்லை, காது பொல்லாதது. வாய்க்கால் சத்தத்தை வைத்தே தண்ணீர் யார் வயலுக்குப் போகிறது என்று சொல்லிவிடுவார்.

கிணற்றில் எங்களுக்குப் பாதி, பக்கத்துக் காட்டு ராசாத்திக்குப் பாதி. அவள் கைம்பெண். அவள் முறையில் கொஞ்சம் தண்ணீரை நான் திருப்பிக்கொண்டது உண்மை. மாரியம்மன் கோயில் கூட்டத்தில் அண்ணன் என் பக்கம் திரும்பி அதைச் சொன்னார். "அது அந்தப் புள்ளையோட தண்ணி சாமி. நாம தொடப்படாது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊரே என்னைப் பார்த்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் கூடை வந்தது.

பூச்சிகளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அவற்றைத் தின்ன வந்த பொறிவண்டுகளைக் கையால் பொறுக்கி எறிந்தேன். ஐப்பசி மழைக்குத் தென்னங்கீற்று கட்டி மறைத்தேன். தை பிறந்தபோது மட்டைகள் மஞ்சளாகி, தொளதொளத்து, ஒவ்வொன்றாகச் சரிந்தன.

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "என்ன சாமி, கள்ளி அழுகுன வாசமடிக்குது?"

"நாலு மட்டை அழுகிருச்சுங்கண்ணா. வேலி அப்படியேதான் இருக்குது."

அவர் மனைவி அத்தாயியும் என்னிடம் வந்தார். "கெணத்தோரம் வெறிச்சுனு கெடக்குதுங்க கொழுந்தனாரே. ஒரு முள்ளுப் படலாச்சும் கட்டி வுடுங்க."

"நாளைக்குக் கட்டிப்போடறனுங்க. வேலி போனதை அண்ணங்கிட்டயும் சொல்லிப்போட்டேன்."

மறுநாள் காலை நான் கிணற்றுக்கு அந்தப் பக்கம், மிச்சமிருந்த புதரருகே இருந்தேன். அண்ணன் வந்தார். தடியை நீட்டினார், எதுவும் படவில்லை. ஓரடி வைத்தார். வேலி வரும் என்று நம்பி இன்னும் ஓரடி வைத்தார்.

தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் என் கையில் அப்போதுதான் குஞ்சு பொரித்த மட்டை இருந்தது. சட்டென்று போட்டால் குஞ்சுகள் உதிர்ந்துவிடும். நிழலில் பதமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். அதற்குள் கிணறு அமைதியாகிவிட்டது. ராசாத்தி வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்கிறாள். பார்த்திருக்கலாம்.

நான் அண்ணனைத் தொடவில்லை. வேலியில் ஒரு மட்டையைக்கூட வெட்டவில்லை. சர்க்கார் கொடுத்த பூச்சியை வளர்த்தேன், அதுவும் மற்ற ஊர்க்காரர்களைவிட நன்றாக. பொய் சொன்னது தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். அண்ணனிடம் ஒன்று, அவர் மனைவியிடம் ஒன்று. அந்த இரண்டுக்கும் என்ன தண்டனையோ, எழுதிக்கொள்ளுங்கள்.