சுற்றோட்டமும் சுற்றமும்

அவையை நெறிப்படுத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, அடுப்படி வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே, கோட்டாற்று வணிகப் பெருமக்களே! வணங்கித் தொடங்குகிறேன். ஆனால் இன்று என் வணக்கத்தில் வெப்பம் இருக்கிறது.

ராஜியின் இசைவோடும், அவள் தாயார் அழகம்மையின் இசைவோடும் இதைப் பேசுகிறேன். ராஜி பள்ளி ஆசிரியை. வந்த வரனுக்கு ஜாதகம் பொருந்தியது. பிறகு மாப்பிள்ளை வீட்டார் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் கேட்டார்கள். கொடுத்தாள். சர்க்கரை சரி, அழுத்தம் சரி, கொழுப்பும் சரி. கடைசியில் ஒரு வரி: ‘சுற்றோட்ட நுண் ஆர்.என்.ஏ. உயர்வு. வளர்சிதை மாற்றக் கோளாறுக்கு வாய்ப்பு.’

மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். எப்படிப் படித்தார் தெரியுமா? “சுற்றத்துல ஓடுகதுன்னு தெளிவாட்டு எழுதியிருக்குல்லா? குடும்பத்துக்கே உள்ள சீக்காக்கும். இந்தச் சம்பந்தம் வேண்டாம்.”

சுற்றோட்டம் என்றால் உடலுக்குள் ரத்தம் சுற்றி ஓடுவது. சுற்றம் என்றால் சொந்தபந்தம்! ஒரு சொல்லை உடைத்தார். ஒரு பெண்ணின் திருமணத்தையே உடைத்தார்!

அழகம்மை விட்டாரா? “அண்ணாச்சி, காப்பிக்குச் சீனி வேண்டாம்னு சொன்னேளே, அது எந்தச் சுற்றத்துல ஓடுகது?”

சிரிக்கிறீர்கள். அந்த வீட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

என்ன? “பேரைச் சொல்லும் வேய் வக்கீலே” என்கிறாரா அங்கே ஒருவர்? சொல்லமாட்டேன். எதிர்த்தரப்பு இல்லாத இடத்தில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது முறையல்ல. பெயர் வேண்டாம், செயல் போதும்.

ஆய்வை நான் பழிக்கவில்லை. அதைத் தெளிவாகவே பதிவு செய்கிறேன். நம் உயிரணுக்களில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறு இழைகள்தாம் நுண் ஆர்.என்.ஏ.க்கள். சில ரத்தத்திலும் மிதந்து சுற்றுகின்றன. சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்து பிசகும் இந்த வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்களிடம் சிலவற்றின் அளவு மாறுபடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கண்டிருக்கிறார்கள், தீர்ப்பு எழுதவில்லை! ஆய்வுக்கு ஆய்வு முடிவு வேறுபடுகிறது. பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரியை ஒருத்தியின் நெற்றியில் எழுத யார் அதிகாரம் கொடுத்தது? விசாரணையே முடியாத வழக்கில் தண்டனை வழங்க எந்தச் சட்டம் சொன்னது?

கோளாறைக் கண்டறிய வேண்டுமா? இடுப்புச் சுற்று, ரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு. இவ்வைந்தில் குறைந்தது மூன்று பிசகினால்தான் அந்தப் பெயர். ராஜிக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. பெரியவர்களே, அடுத்த வீட்டுச் சுற்றத்தை அளக்காதீர்கள். உங்கள் இடுப்புச் சுற்றை அளந்து பாருங்கள்!

பெண்ணும் மாப்பிள்ளையும் மனமொத்து மருத்துவரிடம் போவது வேறு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே மாப்பிள்ளையின் ரத்தத்தை யார் கேட்டார்கள்? பெண்ணுக்கு மட்டுமா ரத்தம் ஓடுகிறது?

அந்த அறிக்கையைத் தந்த பரிசோதனை நிறுவனத்தையும் கேட்கிறேன்: கல்யாணத்துக்கு முன் கட்டாயம் பாருங்கள் என்று ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டினீர்களே, ‘இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுத உங்களிடம் மை இல்லையா? இந்தக் கேள்வி நுகர்வோர் ஆணையத்திலும் ஒலிக்கும்.

நேற்று மாப்பிள்ளை ராஜியைத் தொலைபேசியில் அழைத்தார். “பெரியப்பாவைச் சம்மதிக்க வச்சாச்சு. இன்னொருக்கா ரத்தம் எடுத்துக் காட்டினா போதும், ராஜி.”

அவள் சொன்னாள்: “ஆஸ்பத்திரியில ஒரு உயிர் கெடந்தா ஓடிப் போய் ரத்தம் குடுப்பேன். ஒங்க வீட்டுக்கு இனி ஒரு சொட்டு கெடையாது.”

அவள் தன் வழக்கைத் தானே முடித்துவிட்டாள். நம் வழக்கு? பெண் கேட்டுப் போகும் வீட்டில் ரத்தம் கேட்கமாட்டோம் என்று இந்த மன்றம் அதிரச் சொல்வீர்களா? சொல்லுங்கள்! இன்னும் உரக்கச் சொல்லுங்கள்!

என் சினத்துக்குச் செவி தந்த உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.