நித்தி படிக்கிற பாஷை

இல்லைக் கலாவதி அக்கா, அது பாட்டுக் கசற் இல்லை. போட்டால் ஒரு மனிசன் ஒரு வசனம் சொல்லுவான், பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் ஓடும். அந்த இடைவெளிக்க நாங்கள் திருப்பிச் சொல்லோணும். தம்பியின்ர கசற். நித்தி பாஷை படிக்கிறவன்.

பிரெஞ்சு இல்லை. நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான். உங்கட பூம்ப்ளிஸ் மாதிரி டொச் மட்டும் இல்லைத்தானே இஞ்ச. இந்தப் பீல் ரவுணில பஸ்சில ஏறினால் ஒரு சீற்றில டொச், அடுத்த சீற்றில பிரெஞ்சு. வேலைத்தலத்தில ரெண்டும் வேணும். பெடியன் முன்னேறப் பாக்கிறான் எண்டு சந்தோசப்பட்டன். பிறகு ஒரு நாள் இவர் வேலையால வந்து காதைக் குடுத்துக் கேட்டிட்டு, பரமேஸ், உது நான் பக்ரறியில கேக்கிற பிரெஞ்சு இல்லையப்பா எண்டார். கேட்டால், அயர்லாந்துப் பாஷையாம்.

ஓம், அங்க இங்கிலீசுதான். ஆனால் இங்கிலீசு வரமுதல் அவையளுக்கு எண்டு ஒரு பாஷை இருந்ததாம். மேற்குக் கரைப்பக்கம் கொஞ்ச ஊருகளில இப்பவும் வீட்டுக்க அதுதானாம். எனக்கும் நித்தி சொல்லித்தான் தெரியும்.

ஏன் படிக்கிறானோ? அதைக் கதைக்கத்தான் அவனையும் இவரையும் கடைக்கு அனுப்பிப்போட்டு இருக்கிறன். நீங்கள் தங்கச்சியின்ர கலியாண விசயமா மெனக்கெட்டு வந்திருக்கிறீங்கள். உங்களிட்ட மறைக்கேலாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கோ, நான் சுத்திவளைச்சுத்தான் சொல்லுவன். நேர சொல்ல எனக்கு வாய் வராது.

எண்பத்தி நாலில அவன் சுவிசுக்கு வந்த கையோட டாவோசில ஒரு ஹோட்டல் குசினியில கோப்பை கழுவினவன். அந்தக் குளிர்காலத்துக்கு அயர்லாந்துப் பெட்டையளும் அறை துப்பரவாக்கிற வேலைக்கு வந்திருந்தவை. அவையள் தங்களுக்க அந்தப் பாஷையில கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்திட்டுதாம். அப்பிடித்தான் எனக்குச் சொன்னவன், நானும் நம்பினனான். பேர்ணில ஒரு புத்தகக் கடையில சொல்லிவைச்சு இந்தக் கசற்றையும் புத்தகத்தையும் எடுப்பிச்சவன். பின்னேர வேலை முடிஞ்சு வந்தால், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலயும் வாய் முணுமுணுக்கும். வீட்டுக்கு வந்து போற எங்கட ஆக்களெல்லாம் சிரிப்பினம். டொச்சே ஒழுங்கா வரேல்லை, உனக்கு உது என்னத்துக்கு எண்டு கேப்பினம். அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு போயிடுவான்.

படிச்சாலும் ஆரோட கதைக்கிறது? இந்த ஊரில ஆர் இருக்கினம்? போன வருசம் கோடையில, ஏரிக்கரையில கப்பல் ஏறுற இடத்தில ஒரு வெள்ளைக்காரப் புருசனும் மனிசியும் நிண்டவை. நானும் பக்கத்தில நிண்டனான். அவையின்ர முதுகுப் பையில அயர்லாந்துக் கொடி தைச்சிருந்தது. இவன் கிட்டப்போய், பெரிய கும்பிடு போடுறமாதிரிக் குனிஞ்சு, அந்தப் பாஷையில வணக்கம் சொன்னான். கடவுள் உன்னோட எண்டு அர்த்தமாம். அந்த மனிசன்ர முகம் அப்பிடியே சிவந்து போச்சு. கோவம் எண்டு நினைச்சு நான் இவன்ர கையைப் பிடிச்சு இழுத்தன். கோவம் இல்லையக்கா, வெக்கம். பள்ளிக்கூடம் முழுக்கப் படிச்சனாங்கள், ஒரு சொல்லும் வாயில வரேல்லை எண்டு இங்கிலீசில சொன்னவர். அவரின்ர மனிசி கனநேரம் யோசிச்சு ஒரு வசனம் மட்டும் சொன்னா. சொல்லிப்போட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. வகுப்பில வாத்தியாரிட்டக் கேக்கிற வசனமாம், நான் கக்கூசுக்குப் போகட்டோ எண்டு. இவனும் சிரிச்சான். ஆனால் வீட்டை வரேக்க, பாவம் அந்த ஆக்கள், நான் கதைச்சிருக்கக் கூடாது எண்டு மட்டும் சொன்னவன்.

ஓம், எங்கட பிள்ளையளும் அப்பிடித்தான் வரப்போகுதுகள். அது வேற கதை.

அதுக்குப் பிறகு, இந்த மாசியில, பேர்ணில இருந்து கோச்சியில வந்துகொண்டிருந்தவன். முன்சீற்றில ஒரு வயசான ஆள். நரைச்ச தலை, கை ரெண்டும் பலகை மாதிரி. பையின்ர பூட்டுத் திறபடாமல் அதோட சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்தாராம். அந்தாள் பையைத் திட்டின திட்டு இவனுக்கு விளங்கிப் போச்சு. சாத்தானே, நீ நாசமாப்போ எண்டு, அந்தப் பாஷையில. இவன் எழும்பிப்போய் பூட்டைத் திறந்து குடுத்திட்டு, இப்ப சாத்தான் போயிட்டான் எண்டு அதே பாஷையில சொல்லியிருக்கிறான்.

அந்தாள் இவன்ர கையைப் பிடிச்சது பிடிச்சபடி விடேல்லையாம். மலையளுக்க சுரங்கம் வெட்டுற வேலையாம், நாடுநாடாத் திரிஞ்ச ஆள். இந்த நாட்டில தன்னோட தன்ர பாஷை கதைச்ச முதல் ஆள் நீதான் எண்டாராம். பேர்ணில இருந்து அந்தாள் இறங்கின லீஸ் மட்டும் இருவது நிமிசம்தான், உங்களுக்குத் தெரியும்தானே. அதுக்குள்ள இவன் தன்ர வாழ்க்கையில கதைக்காத கதையெல்லாம் கதைச்சிருக்கிறான், பிழை பிழையா. அந்தாள் ஒவ்வொண்டாத் திருத்தினதாம்.

கடைசியில அந்தாள் கேட்டாராம், நீ ஏன் எங்கட பாஷையைப் படிக்கிறாய், உனக்கு அங்க ஆரும் இருக்கினமோ எண்டு. இவன் சொன்னானாம், எனக்கு அங்க ஒருத்தரும் இல்லை, சும்மா ஆசைக்குப் படிக்கிறன் எண்டு.

அந்தாள் தொப்பியைக் கழட்டி மடியில வைச்சதாம். பிறகு சொல்லியிருக்கிறார், எனக்குக் கிளாஸ்கோவில பிள்ளையள் நாலு பேர். ஒருத்தருக்கும் என்ர பாஷை தெரியாது. இங்கிலீசு காணும் எண்டு நான்தான் சொல்லிக் குடுக்காமல் விட்டனான். உனக்கு அங்க ஆருமே இல்லை, நீ படிச்சிருக்கிறாய். எனக்கு வெக்கமாக் கிடக்கு எண்டு. அவையின்ர பாஷையில வெக்கம் எனக்கு மேல இருக்கு எண்டுதான் சொல்லுறதாம், சுமை மாதிரி. லீஸில இறங்கிப் பிளாட்பாரத்தில நிண்டு, கோச்சி வெளிக்கிடுமட்டும் இவனுக்குத் தொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டாராம், பெரிய ஆளுக்கு நிக்கிறமாதிரி.

அண்டைக்கு வீட்டை வந்தவன் சப்பாத்தும் கழட்டேல்லை. நீங்கள் இருக்கிற கதிரையிலதான் இருந்தவன். அக்கா, அந்த மனிசன் எனக்கு முன்னால வெக்கப்பட்டிட்டுது, நான் பாத்துக்கொண்டு இருந்திட்டன் எண்டான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அதில என்னடா, நல்லாக் கதைச்சாய் எண்டுதானே மெச்சினவர் எண்டன். அப்பதான் சொன்னவன்.

அவன் அந்தாளுக்குச் சொன்னது பொய்யக்கா. அவனுக்கு அங்க ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு.

இருங்கோ, எழும்பாதேங்கோ. முழுக்கக் கேட்டிட்டுப் போங்கோ. டாவோசில வேலை செய்த ஒருத்தி, பிறீட் எண்டு பேர். குளிர்காலம் முடிஞ்சு வெளிக்கிடேக்க, ஸ்ரேசனில வைச்சு, வயித்தில பிள்ளை எண்டு சொல்லியிருக்கிறாள். இவன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டானாம். அம்மாவை நினைச்சானாம், என்னை நினைச்சானாம், ஊர் என்ன சொல்லும் எண்டு நினைச்சானாம். அவள் வீட்டு ரெலிபோன் நம்பரைக் குடுத்திட்டுக் கோச்சியில ஏறிப் போயிட்டாள். பிள்ளை பிறந்ததை அவளின்ர சிநேகிதி வந்துதான் சொன்னவள். பிறீட் இப்ப லண்டனில வேலையாம். பிள்ளை அயர்லாந்தில அவளின்ர தாயோட, நான் சொன்ன அந்த மேற்குக் கரையில. வீட்டுக்க அந்தப் பாஷைதான். பிள்ளைக்கு இன்னும் இங்கிலீசு தெரியாது. இவன்ர அகதிக் கேஸ் முடியேல்லை, எல்லை தாண்டிப் போகவும் ஏலாது.

அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. உங்கட தங்கச்சிக்குத் தெரியாமல் நாள் வைக்கப்படாது எண்டு அவன்தான் சொன்னவன். தனக்கு வாய் வரேல்லை, நீ சொல்லு எண்டான். அவ என்ன முடிவு எடுத்தாலும் எங்களுக்குக் கோவமில்லை, அதையும் சொல்லுங்கோ.

பிள்ளையின்ர பேரோ? ஷீலா. ஓம், நானும் எங்கட பேர் எண்டு நினைச்சன். அவையின்ர பழைய பேராம்.

போன ஞாயிற்றுக்கிழமை துணிஞ்சு அந்த நம்பருக்கு எடுத்தவன். நான் பக்கத்தில நிண்டனான். பிள்ளைதான் எடுத்தது. சின்னக் குரல், எனக்கே கேட்டது. நீ ஆர் எண்டு கேட்டதாம். அப்பா எண்ட சொல்லு அந்தக் கசற்றில முதலாம் பாடத்திலேயே இருக்கு. இவன், நான் சுவிசில இருந்து கதைக்கிறன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டான். வசனத்தில ஒரு பிழையும் இல்லையாம்.