கொக்கு சொன்ன மிச்சம்

கார்ட்டூன் என்றால் பிள்ளைகள் பார்ப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீங்கள் சிரித்ததில் பிழையில்லை. ஒரு மனிதன் செத்ததை விசாரிக்க வந்த இடத்தில் கரடி, கொக்கு என்று கதை போனால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் ராக்காயி உங்கள் பொலிஸில் சொன்னது உண்மை. அவளுடைய புருசன் முத்துலிங்கம் கடைசியாகப் பார்த்தது கார்ட்டூன்தான். என் வீட்டில், என் பக்கத்தில் இருந்து பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் சொன்னவன் நான்.

என் பெயர் கணேசமூர்த்தி. ஊர் சாவகச்சேரி. மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு ஆங்கில ஆசிரியராக வந்தபோது என் மனைவி லோஜனாவும் கூடவே வந்தாள். இரண்டாயிரத்து ஒன்றில், கோயிலடி வளைவில், தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி அவளை அடித்தது. லொறியை ஓட்டியவன் முத்துலிங்கம். நல்ல குடிவெறியில் இருந்தான். அவனை மறியலில் போட்டார்கள். சிறையிலிருந்து வெளியே வந்தபோது குடியை அடியோடு விட்டிருந்தான்.

வந்த முதல் ஞாயிறே என் ஆசிரியர் குவாட்டஸின் வாசல் படலையில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வருவான். விறகு பிளப்பான், மழைத்தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவாக்குவான், வாசற்படியில் இருந்து தேநீர் குடிப்பான். பெண்சாதியைக் கொன்றவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாரே என்று தோட்டத் தொழிலாளர் லயத்துச் சனம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. பள்ளிக்கூட அதிபர்கூட ஒரு காலைக் கூட்டத்தில், பெயர் சொல்லாமல், என் பெரிய மனசைப் பற்றிப் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போகுமுன் ஒவ்வொரு முறையும் ஒன்று கேட்பான்.

“சேர், மனசு ஆறிருச்சுங்களா?”

“பாப்பம்” என்பேன். நல்ல சொல் அது. கதவைத் திறக்கவும் மாட்டாது, சாத்தவும் மாட்டாது. அவன் தலையை ஆட்டிக்கொண்டு போவான். அடுத்த ஞாயிறு வருவான். எனக்கு வேறு எந்தக் குறையும் இருக்கவில்லை.

அந்தக் கார்ட்டூன் சீடிகளைக் கனடாவில் இருக்கும் என் மச்சான் கஜதீபன் அனுப்பியிருந்தான். பெரிய ஆட்கள் பார்க்கிற கார்ட்டூன், அங்கே பரிசெல்லாம் வாங்கியது என்று தொலைபேசியில் பெருமையாகப் புளுகினான். முதல் சீடியைப் போட்ட ஞாயிறு நல்ல மழை. வெளியே வேலை செய்ய முடியாமல் முத்துலிங்கமும் உள்ளே வந்து ஒரு மூலையில் குந்தினான். கதையில் மிருகங்கள் சட்டை போடுகின்றன, வாடகை கட்டுகின்றன, மனிதர் போலச் சண்டை பிடிக்கின்றன. ஒரு கரடி கடைக் கதவுக்குள் உடம்பு இறுகி, வெளியேயும் வர முடியாமல் உள்ளேயும் போக முடியாமல் நின்று விலை பேசியது. முத்துலிங்கம் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிறகுதான் விசயம் வந்தது. அந்தக் கரடி முன்பு படகோட்டியாக இருந்தது. குடித்துவிட்டுப் படகைக் கவிழ்த்ததில் ஒரு கொக்கின் மனைவி செத்துப்போனாள். இப்படி ஒரு கதை என்று எனக்கும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. முத்துலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தான்.

“சேர், இது நம்ம கதைங்க” என்றான்.

“ஓம்” என்றேன். நிறுத்தவில்லை.

அதன் பிறகு அவன் விறகை வேகவேகமாகப் பிளந்துவிட்டு, முகம் கழுவி, தலை சீவி, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி வந்து உட்காருவான். நானும் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். சிரிப்புப் பகிடிகளுக்குக்கூட மினக்கெட்டுத் தமிழ் தேடினேன். கரடி குடியை விட்டது, மறுபடி குடித்தது, மறுபடி விட்டது. அது போத்தலைத் தொடப் போனால் முத்துலிங்கம் “வேணாம்டா, வேணாம்டா” என்று முணுமுணுப்பான்.

ஒருநாள் சொன்னான், “கரடிக்கு நல்லது நடந்துரும்னு தோணுதுங்க சேர். இவ்வளவு தூரம் அதைக் கொண்டாந்தவங்க அப்படியே விட்டுருவாங்களா?”

சொல்லிவிட்டுப் புன்னகைத்தான். தொலைக்காட்சிக்கு மேலே லோஜனாவின் படம் மாட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே அந்தச் சிரிப்பு. முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கு வயிறு எரிந்தது. நான் இத்தனை காலம் கொடுக்காமல் வைத்திருந்த மன்னிப்பை, யாரோ வெள்ளைக்காரன் படமாய்க் கீறிய ஒரு கரடியிடம் இவன் ஓசியில் வாங்கிக்கொண்டு போகிறானே என்று இருந்தது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக எழுதுங்கள். அடுத்த சீடியை நான் சனிக்கிழமையே தனியாகப் பார்த்துவிட்டேன். கரடி மழையில் கொக்கின் வாசலுக்குப் போய், இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. கொக்கு சொல்கிறது: “இப்போது போ. நாளைக்கு வா. நான் கதவைத் திறக்காமல் இருக்கலாம். ஆனாலும் வா.” மறுநாள் கரடி வருகிறது. நான் அழுதேன். அதையும் எழுதுங்கள். அவ்வளவு நல்ல கதையை நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்ததும் முத்துலிங்கம் முன்னுக்குச் சாய்ந்தான்.

“கொக்கு என்னங்க சொல்லுது?”

“போ எண்டு சொல்லுது.”

திரையையே பார்த்தான். “வாய் ரொம்ப நேரம் ஆடுச்சே சேர்.”

“மிச்சமும் அதுதான். போ எண்டுதான் சொல்லுது.”

தொலைக்காட்சியை நிறுத்தினேன். அப்புறம் கரடி என்னதான் செய்தது என்று கேட்டான். அதன் பிறகு கரடியை ஒருத்தரும் காணவில்லை, கதை அவ்வளவுதான் என்றேன்.

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். வழக்கமாகக் கேட்பதை அன்றைக்குக் கேட்கவில்லை. படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“அப்ப நான் போறேன் சேர்.”

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஆட்கள் ‘போயிட்டு வர்றேன்’ என்பார்கள், யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘போட்டு வாறன்’ என்போம், உங்கள் சிங்களத்திலும் ‘கிஹில்லா என்னம்’தான். வெறுமனே போறேன் என்று சொல்லி யாரும் ஒரு வீட்டை விட்டு இறங்குவதில்லை. வாய் தவறி ஒரு பிள்ளை சொன்னாலும் கூப்பிட்டு நிறுத்தி, சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவோம். வகுப்பில் நானே எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கிறேன். அன்றைக்கும் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் நின்றேன். அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது. படலையைச் சாத்திவிட்டு, லயத்துப் பக்கம் போகாமல், நீர்த்தேக்கத்துப் பாதையில் இறங்கினான். நான் உள்ளே வந்து அடுப்பில் உலை வைத்தேன்.

கால் வழுக்கி நீர்த்தேக்கத்தில் விழுந்திருப்பான் என்று நீங்கள் எழுதியிருப்பதாகக் கேள்வி. அதை வெட்டிவிடுங்கள். மொழிபெயர்ப்பில் வந்த பிழை என்று நாளைக்கு ஒரு சட்டத்தரணி சொல்லுவார், அதையும் நம்ப வேண்டாம். என் ஆங்கிலத்தில் பிழை வராது. அவன் என்ன செய்வான் என்று தெரிந்துதான் சொன்னேன். அவனைக் கொன்றது நான்.

ராக்காயிக்கு மட்டும் ஒன்றை வாசித்துக் காட்டுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். முத்துலிங்கத்தை நான் மன்னித்துவிட்டேன். அவன் அந்தப் பாதையில் இறங்கியதைக் கண்ட உடனேயே மன்னித்துவிட்டேன். ஒருவன் வாய்விட்டுக் கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.